காலாபத்தருக்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிவிட்டோம்

எவரெஸ்ட் பக்கம் ஹெலிகாப்டரில் போய்வந்தவர்கள் எல்லாரும் எவரெஸ்ட்டைப் பார்க்க ஏறி நிற்கும் மேடான காலாபத்தரில் நின்று எடுத்த போட்டோவைக் காட்டுவார்கள். எங்களிடம் அந்தப் போட்டோ இல்லை. பைலட் வழியிலேயே திருப்பிவிட்டார். அவர் செய்தது சரி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். எவரெஸ்ட் நடைப்பயணம் தொடங்கும் லுக்லாவிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் நடந்து ஏறுவது நடக்காத காரியம். அதனால்தான் ஹெலிகாப்டர். காட்மாண்டு உள்நாட்டு முனையத்தில் எங்களைக் கைப்பையோடு சேர்த்தே எடை போட்டார்கள். பைலட்டைத் தவிர ஐந்து பேர். மூடுபனி விலகும்வரை காத்திருந்து கிளம்பினோம்.

லுக்லாவில் எரிபொருள் நிரப்ப இறங்கினோம். 527 மீட்டர் நீள ஓடுபாதை, அதுவும் சரிவு. ஒரு முனையில் மலை, மறுமுனையில் பாதாளம். அங்கிருந்து தூத் கோசி ஆற்றை ஒட்டியே மேலே போனோம். கீழே கொடிகள் கட்டிய தொங்கு பாலங்கள், அவற்றில் ஊர்கிற சுமை மாடுகள். குதிரை லாடம் மாதிரி வளைந்த நாம்சே பஜார் ஊரைத் தாண்டியதும் அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். "கண்ணு, அங்க பாரு!" நுப்சே, லோட்சே சிகரங்களின் சுவருக்குப் பின்னால் கறுத்த முக்கோணமாக எவரெஸ்ட்டின் தலை. உச்சியிலிருந்து பனிப்புழுதி ஒரு பக்கமாக நீளமாகப் பறந்துகொண்டிருந்தது. அங்கே எவ்வளவு காற்றடிக்கும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. வலப்பக்கம் அமா தப்லம் சிகரம். 6,812 மீட்டர்தான், ஆனால் அழகில் எனக்கு அதுதான் முதலிடம்.

பெரிச்சே என்ற ஊரில் எல்லாரையும் இறக்கினார்கள். சுமார் 4,300 மீட்டர் உயரம். அதற்கு மேல் ஐந்து பேரையும் ஒன்றாகக் கொண்டுபோக முடியாது. காற்று மெலிந்துவிட்டால் இறக்கை தள்ளுவதற்கும் காற்று குறைவு, இன்ஜினுக்கும் குறைவு. காலாபத்தர் உயரத்தில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி காற்றுதான். அதனால் முதலில் இரண்டு பேர், பிறகு நாங்கள் மூன்று பேர் என்று பிரித்தார்கள்.

காத்திருந்த அந்த நேரம் எனக்கு மறக்காது. உருளைக்கிழங்குத் தோட்டங்களைச் சுற்றிக் கல் அடுக்கிய சுவர்கள். அவற்றின் மேல் யாக் சாணத்தைத் தட்டிக் காய வைத்திருந்தார்கள், ஒவ்வொரு வறட்டியிலும் ஐந்து விரல் பதிந்திருந்தது. மரமே முளைக்காத உயரம், அடுப்புக்கு அதுதான் விறகு. அப்பா ஒரு வாக்கியத்தை இரண்டு மூச்சில் பேசினார். உடம்பு பழகாமல் திடீரென்று இவ்வளவு உயரம் வந்தால் அப்படித்தான். மலையேறுபவர்களுக்கு உயர நோய் வந்தால் பார்க்க அங்கே ஒரு மருத்துவ நிலையம் இருக்கிறது.

முதல் இருவரும் சிரித்த முகத்தோடு வந்தார்கள். அப்புறம் எங்கள் முறை. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்று மேலே கிளம்பும், மேகமும் கூடவே ஏறும். லோபுச்சே ஊரைத் தாண்டியபோது கீழே கல்லும் மண்ணும் மூடிய கும்பு பனியாறு, நடுநடுவே பச்சை நிறக் குட்டைகள். எதிரே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. பைலட் விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பினார்.

பெரிச்சேயில் இறங்கியதும் எங்களோடு வந்த இளைஞர் கொதித்துவிட்டார். "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம், ஐந்து நிமிடம் பொறுத்திருக்கலாமே" என்றார். பைலட் குரலை உயர்த்தவே இல்லை. "முன்னால் மூடினால் திரும்பலாம். பின்னாலும் மூடிவிட்டால் எங்கே போவது?" என்று மட்டும் கேட்டார். அப்பா அந்தப் பையனின் தோளில் கை வைத்து, "தம்பி, அவரும் வீட்டுக்குப் போகணும்ல" என்றார்.

2023 ஜூலையில் இதே பகுதியில் சுற்றிப் பார்த்துவிட்டுக் காட்மாண்டு திரும்பிய ஹெலிகாப்டர் லம்ஜுரா பக்கம் விழுந்து, மெக்சிகோவைச் சேர்ந்த ஐந்து பேரும் பைலட்டும் இறந்தார்கள். அந்த மழைக்காலத்தில் நேபாள அரசு சுற்றுலா ஹெலிகாப்டர்களைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்தது. முடியாது என்று சொல்லும் பைலட்டிடம் பணக்கணக்கு பேசுவது எனக்குப் பெரிய தவறாகவே படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவரெஸ்ட்டைச் சுற்றியுள்ள கும்பு பகுதி மக்களில் பலருக்கு இந்த ஹெலிகாப்டர்கள் பிடிக்கவில்லை. இரைச்சலில் யாக்குகளும் காட்டு விலங்குகளும் மிரள்கின்றன, நடந்து வருபவர்களை நம்பியிருக்கும் விடுதிகளுக்கும் சுமைகாரர்களுக்கும் பிழைப்பு போகிறது. 2025 தொடக்கத்தில் அங்குள்ள இளைஞர்கள் இறங்குதளங்களையே மறித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள். அப்பா மாதிரி முடியாதவர்களுக்கு மட்டும் இது இருக்கட்டும்.

போவதென்றால் அக்டோபர், நவம்பரில் போங்கள். நாளின் முதல் ஹெலிகாப்டரையே கேளுங்கள். வயதானவர்களை அழைத்துப் போகுமுன் இதயம், நுரையீரல் இரண்டையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வானிலையால் பாதியில் திரும்பினால் பணம் எவ்வளவு திரும்ப வரும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். காட்மாண்டுவில் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.