வாட்டர்லூ டிராக்டர் அருங்காட்சியகம்: பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டலாம்?

கேள்வி: அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ ஊரில் இருக்கும் ஜான் டீர் டிராக்டர், எஞ்சின் அருங்காட்சியகத்துக்கு 6, 9 வயதுப் பிள்ளைகளோடு போகிறோம். எதில் தொடங்கலாம்? வழியில் கையால் சுற்றும் சோளம் உதிர்க்கும் மெஷின் கிடைத்தால் பிள்ளைகளைத் தொட விடலாமா?

பதில் 1: 'வாட்டர்லூ பாய்' டிராக்டர்ல தொடங்குங்க. 1918-ல அதைச் செஞ்ச கம்பெனியையே வாங்கித்தான் ஜான் டீர் டிராக்டர் தொழில்ல காலூன்றுச்சு. 2 சிலிண்டர், மண்ணெண்ணெய் வண்டி. பெட்ரோல்ல கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தணும். குளிர்ந்த எஞ்சின்ல மண்ணெண்ணெய் சரியா ஆவியாகாது.

பதில் 2: சோள மெஷின் தொடலாம். கதிரோட கூர்முனை முதல்ல போகணும். நல்லா காஞ்ச கதிரா இருக்கணும். ஈரம்னா மணி நசுங்கி, சக்கை மெஷின் பல்லுல மாட்டும். கைப்பிடியை விட்டாலும் கனச்சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். அது நிக்கிறவரை விரல் மெஷினோட வாய்ப்பக்கம் போகக் கூடாது.

பதில் 3: மாட்டுத் தீவனத்துக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷின் பக்கம் மட்டும் விடாதீங்க, கத்தி சக்கரத்துலயே இருக்கு.