மறுமொழி: ‘ஆன்ட்டி-இன்ஃபெக்டிவ்’ நிறுவனமும் அதன் ‘அட்வைசர்’களும் – தமிழில் எப்படி?

லாஸ்பேட்டையிலிருந்து, வெள்ளி இரவு

குழுவினருக்கு வணக்கம்.

தொற்றுநோய்களுக்குப் புது மருந்து தேடும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தைப் பற்றிய கட்டுரை மொழிபெயர்ப்புக்கு வந்திருக்கிறது. பாதி முடித்துவிட்டேன். மூன்று இடங்களில் வண்டி நிற்கிறது: ‘ஆன்ட்டி-இன்ஃபெக்டிவ்’, ‘சயின்டிஃபிக் அட்வைசரி போர்டு’, ‘லீட் காம்பவுண்ட்’ (மருந்தாக வளர்த்தெடுக்கத் தக்கது என்று தேர்ந்த சேர்மம்). கடைசிச் சொல்லைக் கணினியிடம் கொடுத்தேன். ‘லீட்’ என்றால் ஈயமும்தானே, ‘ஈயச் சேர்மம்’ என்று கூசாமல் தந்தது. மற்ற இரண்டுக்கும் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’, ‘அறிவியல் அறிவுரைக் கழகம்’ என்று போட்டு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும்.

*

கடலூர் முதுநகரிலிருந்து, சனி காலை

அம்மா, வணக்கம்.

‘அறிவுரைக் கழகம்’ வேண்டவே வேண்டாம். குண்டர் தடுப்புச் சட்டத்தில் உள்ளே போனவர்களின் காவலைப் பரிசீலிக்கும் குழுவுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் பெயர் அது. கேப்பர் மலையில் மத்திய சிறை இருக்கும் ஊர் எங்களுடையது. இங்கே அந்தப் பெயரைச் சொன்னால், எந்த விஞ்ஞானியை எப்போது பிடித்தார்கள் என்றுதான் கேட்பார்கள்.

‘நுண்ணுயிர் எதிர்ப்பி’யும் எனக்கு ஒப்பவில்லை. நான் சிறுவனாக இருந்தபோது, யானைக்கால் நோய்த் தடுப்பு ஊழியர்கள் இரவு ஊர் அடங்கிய பிறகுதான் எங்கள் தெருவுக்கு வருவார்கள். டார்ச் விளக்கு, ஊசி, கண்ணாடித் தகடு. தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி விரல் நுனியில் குத்தி, இரத்தத்தைத் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போவார்கள். பகலில் வந்தால் என்னவாம் என்று பாட்டி தினமும் சண்டை பிடிப்பார். அந்தப் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கியிருந்து, கொசு கடிக்கும் நேரம் பார்த்து இரவில்தான் தோலடி இரத்தத்துக்கு வரும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. குஞ்சைப் பார்க்கத்தான் நுண்ணோக்கி வேண்டும். தாய்ப்புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளும். அதை ‘நுண்ணுயிர்’ என்று எழுதினால் பாட்டி விளக்குமாற்றை எடுத்திருப்பார். ஆனால் அந்தப் புழுவுக்குக் கொடுத்த டைஎதில்கார்பமசின் மாத்திரையும் ‘ஆன்ட்டி-இன்ஃபெக்டிவ்’தான். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை, ஒட்டுண்ணி, புழு எல்லாவற்றுக்கும் பொதுவான குடைச்சொல் அது.

அடுத்தது ‘எதிர்ப்பு’. இந்தச் சொல்லை நாம் வேலை வாங்கியே கொன்றுவிட்டோம். உடம்புக்கு இருப்பது நோய் எதிர்ப்பு. கிருமிக்கு வருவது மருந்து எதிர்ப்பு. மருந்தும் எதிர்ப்பி. ஆகவே, மருந்துக்குப் பணியாத கிருமியைப் பற்றி எழுதும்போது ‘நுண்ணுயிர் எதிர்ப்பி எதிர்ப்பு’ என்று நாக்கு தடுக்கி விழுகிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும், மருந்துக்குப் பணியாத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய சங்கதிக்குத் திக்கித் திணறும் பெயரா?

நச்சுமுறி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் ‘தொற்றுமுறி’ என்று வைக்கலாம். பாக்டீரியாமுறி, வைரஸ்முறி, பூஞ்சைமுறி, புழுமுறி எல்லாம் அதற்குள் அடங்கும். ‘எதிர்ப்பு’ என்ற சொல்லைக் கிருமிக்கும் உடம்புக்கும் விட்டுவிடலாம்.

இனி அட்வைசர். பெயர் வைக்கும் முன் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு நுண்ணுயிர் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. 8 வரிசை, 12 பத்தி, மொத்தம் 96 குழிகள். மருந்தின் செறிவு குழிக்குக் குழி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். எல்லாவற்றிலும் ஒரே அளவு பாக்டீரியாவை இட்டு, இரவு முழுவதும் 35 டிகிரியில் வைத்திருப்போம். காலையில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் மருந்து வென்ற குழி தெளிந்திருக்கும். தோற்ற குழி அரிசி களைந்த தண்ணீராகக் கலங்கியிருக்கும். தெளிந்தவற்றில் ஆகக் குறைந்த செறிவுள்ள குழி எதுவோ அதுதான் கணக்கு. அந்தக் குழி எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு கொண்டாட்டம்.

அட்வைசர் அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில் வந்து உட்காருகிறவர். பேராசிரியராகவோ, தொற்றுநோய் மருத்துவராகவோ, பெரிய மருந்து நிறுவனத்தில் ஓய்வு பெற்ற வேதியியலாளராகவோ இருப்பார். ஆண்டுக்குச் சில கூட்டங்கள். இரகசியம் காப்பதாகக் கையெழுத்து. சிறு தொகையோ கொஞ்சம் பங்குகளோ கிடைக்கும். “சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்த்துப் பார்த்தீர்களா?” என்று கேட்பார். சேர்த்துப் பார்த்தால், மருந்தில் பெரும்பகுதி சீரத்தின் புரதங்களில் ஒட்டிக்கொண்டு, தெளிந்த குழி மறுபடி கலங்கும். அல்லது, “நொதியை முடக்குகிறது, சரி, செல்லுக்குள் நுழையுமா?” என்பார். ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வுச் சுவர் உண்டு. அதைத் தாண்டி வந்ததையும் வெளியே இறைத்துக்கொட்டும் பம்புகள் உண்டு. 1995 முதல் 2001 வரை கிளாக்ஸோஸ்மித்க்லைன் நிறுவனம் புது பாக்டீரியா மருந்து தேடி சேர்மங்களைச் சல்லடையில் போட்டுச் சலிப்பது போன்ற 70 பெரும் சோதனைகள் நடத்தியது. ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கான சேர்மங்கள். கடைசியில் கிடைத்தவை ஐந்தே ஐந்து, உங்கள் கணினியின் பாஷையில் சொன்னால், ஈயச் சேர்மங்கள்.

ஆக, இவர் கேட்பவர், தடுத்துச் சொல்பவர். ஆனால் நிறுத்தும் அதிகாரம் இவரிடம் இல்லை. அது இயக்குநர் குழுவிடம் இருக்கிறது. அதனால்தான் ‘நெறியாளர்’ சரிப்படாது. ஆய்வு நெறியாளர் கையெழுத்துப் போடாமல் மாணவன் அசைய முடியாது. குறளில் ‘சூழ்வார்’ இருக்கிறார், ஆராய்ந்து சொல்பவர், மன்னனுக்குக் கண் போன்றவர். ஆனால் இன்றைக்கு ‘அறிவியல் சூழ்ச்சிக் குழு’ என்று பெயர்ப் பலகை வைத்தால் போலீஸ்தான் வரும். என் பரிந்துரை ‘உசாத்துணைவர்’. உசாவுதல் என்றால் கலந்து கேட்டல். கேட்டு முடிவெடுப்பவர் வேறு, துணை நிற்பவர் வேறு என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குழுவுக்கு ‘அறிவியல் உசாத்துணைக் குழு’.

*

கோரிமேட்டிலிருந்து, சனி பிற்பகல்

முதுநகர் ஐயாவுக்கு,

‘தொற்றுமுறி’யை இரு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சோதனை வைத்துப் பார்த்தேன். சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம், செஃபிபைம் மருந்தோடு கூட்டாக 2024 பிப்ரவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. சிறுநீர்ப் பாதையின் சிக்கலான தொற்றுகளுக்கு அதைக் கொடுக்கிறார்கள். இந்தக் கூட்டில் கிருமியைக் கொல்வது செஃபிபைம். என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமைச் சிதைக்கக் கிருமி வைத்திருக்கும் நொதியை முடக்குகிறது. ‘கொல்லி’ என்றால் அதற்குப் பொருந்தாது. ‘முறி’ பொருந்துகிறது, எதிரியின் கையிலிருக்கும் ஆயுதத்தை முறிக்கிறது அல்லவா.

‘உசாத்துணைவர்’ விஷயத்தில் மன்னிக்க வேண்டும். நோயாளியின் உறவினர் ஒருவர் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து “இது என்ன துணைவர்?” என்று கேட்பதை இப்போதே பார்க்க முடிகிறது. பொருளிலும் ஓர் இடறல் உண்டு. உசாவினால்தான் பேசுவார் என்கிறது உங்கள் சொல். நல்ல அட்வைசர் கேட்காமலே பேசுகிறவர். சூழ்வாருக்கு இரண்டு குறள் தள்ளி ‘இடிக்குந் துணையார்’ வருகிறாரே, தவறு கண்டால் கடிந்து சொல்பவர், அவர்தான் இவர். அதற்காக ‘இடிதுணைஞர்’ என்று எழுதச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள். ‘அறிவியல் ஆலோசகர்’ எல்லோருக்கும் புரிகிறது. வடமொழி வேர் என்பது ஒரு குற்றமா?

*

முதுநகரிலிருந்து, சனி இரவு

டாக்டர் ஐயா, குற்றமில்லை. ஆனால் எங்கள் சிப்காட் வாயிலில் உள்ள வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், வரி ஆலோசகர், தீத்தடுப்பு ஆலோசகர், வாஸ்து ஆலோசகர் என்று பக்கத்துக்கு நான்கு பேர் இருப்பார்கள். காசு வாங்கிக்கொண்டு வேலையை முடித்துத் தருகிறவர் எல்லோரும் ஆலோசகர் ஆகிவிட்டார்கள். அந்த வரிசையில் இவரையும் உட்கார வைக்க மனம் வரவில்லை. கேட்காமலே பேசுகிறவர் என்று நீங்கள் சொன்னது உறைக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

*

லாஸ்பேட்டையிலிருந்து, ஞாயிறு

இருவருக்கும் நன்றி. ‘தொற்றுமுறி’ தலைப்பிலேயே ஏறிவிட்டது. முதல் பத்தியில் புழுவையும் சேர்த்து ஒரு வரி விளக்கம் கொடுத்திருக்கிறேன். குழுவுக்கு ‘அறிவியல் ஆலோசனைக் குழு’ என்றும், அதில் இருப்பவர்களுக்கு, அவர்கள் வாக்களிப்பதில்லை என்று சொல்லும் பத்தியில் மட்டும், ‘உசாத்துணைவர்’ என்றும் எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் அது தானாகப் புரிகிறது. இரண்டு தோணியில் கால் வைப்பதுதான், தெரியும். நம் புதுச்சேரியில் பத்தாண்டு வாழ்ந்த பாரதியே ‘மெம்பர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடி, கிடைத்ததையெல்லாம் தள்ளிவிட்டு, கடைசியில் மெம்பர் என்றே எழுதிவிட்டுப் போனார். ‘உறுப்பினர்’ பிறகு வந்து உட்கார்ந்துகொண்டது.

‘லீட்’ பற்றி இருவருமே சொல்லவில்லை. இப்போதைக்கு ‘முன்னோடிச் சேர்மம்’ என்று போட்டிருக்கிறேன். எப்படியும் ஈயத்தைவிட இலேசுதான்.