அப்பத்தா வீட்டு வளவு

சனிக்கிழமை

அப்பத்தா, காலை 6:41
(படம்)
வளவுல தூணோரம் கிடக்கு. பறக்க மாட்டேங்குது. கிளிக்குஞ்சா?

சிங்கப்பூர் சித்தப்பா
கிளி இல்ல ஆத்தா, மீன்கொத்தி. றெக்கையில நீலம் தெரியுது பாருங்க.

நான்
சித்தப்பா, மீன்கொத்திக்கு அலகு நீளமாயிருக்கும். அப்பத்தா, வாலுக்கு அடியில சிவப்பு இருக்கா? கண்ணுல மை தீட்டினாப்ல கறுப்புப் பட்டை?

அப்பத்தா
இருக்கு. வாலைத்தான் காணோம். யாரோ கத்தரிச்சு விட்டாப்ல.

நான்
ஆறுமணிக்குருவி அப்பத்தா!!! மூணு வருஷமா பைனாகுலரக் கழுத்துல மாட்டிக்கிட்டு சென்னை முழுக்க அலையறேன். அது உங்க வீட்டுக்குத் தானா வந்து இறங்கியிருக்கு.

தம்பி
அக்கா இப்ப அழுதுருவாக பாருங்க

சிங்கப்பூர் சித்தப்பா
ரெண்டாங்கட்டுல பழைய கிளிக்கூண்டு கிடக்குமே ஆத்தா. அதுல போட்டு வைங்க, தீபாவளிக்கு வந்து பாக்குறேன்.

நான்
கூண்டு வேணவே வேணாம். சட்டப்படியும் தப்பு சித்தப்பா. அதுக்கு நோயுமில்ல, களைப்புதான். மழைக்காலத்துல இமயமலை அடிவாரம், நடு இந்தியான்னு அந்தப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு, குளிருக்கு நம்ம பக்கம் வருது. ராத்திரி பூராவும் பறக்கும். விடியும்போது தெம்பு போச்சுன்னா கண்ட இடத்துல இறங்கிரும்.
அப்பத்தா, அட்டைப்பெட்டியில துளை போட்டு, துணி விரிச்சு, அத உள்ள விட்டு மூடி வைங்க. இருட்டுல பயப்படாது. வாயில மட்டும் தண்ணி ஊத்திராதீங்க, புரை ஏறிரும்.

அப்பத்தா
பலகாரத்துக்கு வாங்கின பெட்டியில விட்டாச்சு.

அப்பச்சி
ஆத்தா, பூனை?

அப்பத்தா
முகப்புல விட்டுக் கதவச் சாத்தியாச்சு. கத்திக்கிட்டுக் கிடக்கு.

திருப்பத்தூர் அயித்தை
தெருவுல வெடி போட விடாதீங்க ஆத்தா. இங்க கொள்ளுக்குடிப்பட்டிக்காரவுக பறவைக்காகத் தீபாவளிக்கே வெடிக்கிறதில்ல. வேட்டங்குடிய 1977ல சரணாலயம் ஆக்குனாக. போன வருஷம் போனப்ப கண்மாய் மரம் பூரா நத்தைகுத்தி நாரை. பாவம், அலகு மூடவே மாட்டேங்குது, நடுவுல சந்து.

நான்
அந்தச் சந்து குஞ்சுக்கு இருக்காது அயித்தை. வளர வளரத்தான் வரும்.

சிங்கப்பூர் சித்தப்பா
அந்த நாரையா? 2019 டிசம்பர்ல இங்கயும் கூட்டம் கூட்டமா வந்துச்சே! ஆபீஸ்ல வேலையப் போட்டுட்டு எல்லாரும் ஜன்னல்ல நின்னோம்.

தம்பி
கூண்டு கேட்டவுகளா இது

நான், மாலை 5:02
அப்பத்தா, பெட்டியத் தோட்டத்துல நிழலாப் பாத்து வச்சுத் திறந்து விடுங்க. கிட்ட நிக்காதீங்க.

அப்பத்தா, 5:35
திறந்தேன். அது என்னையப் பாத்துச்சு. நான் அதப் பாத்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். பிறகு ஒரே குதி. இப்ப பூவரசுக்கு அடியில சருகப் புரட்டிப் புரட்டி என்னமோ தின்னுது. முதுகு அப்படியே பச்சைப் பட்டு.

நான்
புழு பூச்சி தேடுது. நாளைக்குச் சருகக் கூட்டிராதீங்க அப்பத்தா.

அப்பத்தா
குப்பையா வச்சிருக்கச் சொல்றியா? வர்றவுக என்ன சொல்லுவாக?

நான்
முகப்பக் கூட்டுங்க, வளவக் கூட்டுங்க. தோட்டத்த மட்டும் விட்ருங்க. கோடை வரைக்கும் இங்கதான் இருக்கும்.

அப்பச்சி
எங்க ஆத்தா ஒரு சருகு கிடக்க விட்டதில்ல. நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை

அப்பத்தா, காலை 7:10
கூட்ட வந்த புள்ளைக்குக் காப்பி குடுத்துத் திருப்பி அனுப்பியாச்சு.

அப்பச்சி
ஆத்தாவா?!

அப்பத்தா, மாலை 6:04
(குரல் பதிவு, 14 நொடி)

தம்பி
பூனைதான் கேக்குது

நான்
பூனைய விட்டுட்டு 9வது நொடியக் கேளு. ஒரு விசில், மேல போயிக் கீழ இறங்குதுல்ல? அதுதான்! அதேதான்! நான் பஸ் டிக்கெட் பாக்குறேன்.

அப்பத்தா
6:02க்குக் கூப்பிட்டுச்சு. ஆறு மணிக்குருவின்னு பேரு, ரெண்டு நிமிஷம் லேட்டு.

அப்பச்சி
பட்டாலைக் கடிகாரத்தப் பாத்தீகளா? அது ரெண்டு நிமிஷம் முந்தி ஓடுது ஆத்தா.