பேஜெட் எலும்பு நோய்: ‘இருக்கலாம்’ என்று எழுதிய சார்ட்டுக்கு எந்தக் கோடு?

கேள்வி (கோடர், திருச்சி)

வணக்கம். அமெரிக்க எலும்பியல் வெளிநோயாளி சார்ட்டுகளை (மருத்துவப் பதிவுகளை) கோடிங் செய்யத் தொடங்கி, அதாவது நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளை (கோடு) இடத் தொடங்கி, ஏழு மாதங்கள் ஆகின்றன. 71 வயது ஆண் ஒருவர் வலது தொடை வலியோடு வந்தபோது, இரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி கூடியிருப்பதைக் குறிப்பிட்டு, ‘பேஜெட் எலும்பு நோயாக இருக்கலாம்’ என்று மருத்துவர் எழுதியிருந்தார், நான் எந்த எலும்பு என்று குறிப்பிடாத பேஜெட் நோய்க்கான எம்88.9 கொடுத்தேன். அடுத்த வருகையில், எக்ஸ்ரேயையும் போன் ஸ்கேனையும் பார்த்துவிட்டு, வலது தொடை எலும்பிலும் இடுப்பெலும்பிலும் பேஜெட் நோய் இருப்பதை உறுதிசெய்து, சோலெட்ரோனிக் ஆசிட் என்ற மருந்தை 5 மில்லிகிராம் ஏற்றினார், அந்த வருகையின் நோய்க்கு எம்88.851 கொடுத்தேன். ஆடிட்டில் (தணிக்கையில்) இரண்டுமே பிழை என்று திரும்பிவிட்டன. எங்கே தவறினேன்?

பதில் 1 (ஆடிட்டர், சென்னை)

வெளிநோயாளி சார்ட்டில் ‘இருக்கலாம்’, ‘சந்தேகம்’ என்று எழுதப்பட்ட நோய்க்குக் கோடு கொடுக்கக் கூடாது. அன்று உறுதியாகத் தெரிந்தவை இரண்டுதான்: தொடை வலிக்கு எம்79.651, நொதி மிகுதிக்கு ஆர்74.8. இரண்டாம் வருகையில் எம்88.851 தொடை எலும்பை மட்டுமே சொல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நோய் இருந்தால் அதற்கென்றே உள்ள எம்88.89 வர வேண்டும். மருந்துக்கான ஜே3489 கோடு ஒரு மில்லிகிராமுக்கு ஒரு யூனிட் என்பதால், ஐந்து யூனிட் போட்டீர்களா என்பதையும் சரிபாருங்கள்.

இன்னொன்றை மனதில் வையுங்கள். சார்ட்டில் ‘பேஜெட்’ என்று மட்டும் இருந்ததால், முதுகெலும்பு நோயுள்ள ஒரு பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோயின் சி50.0 வரிசைக் கோடு ஏறிவிட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஜேம்ஸ் பேஜெட் பெயரில் மார்பகக் காம்பு நோயும் உண்டு, எலும்பு நோயும் உண்டு. எது என்று தெளிவாக இல்லாவிட்டால் மருத்துவருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் குறிப்பு) அனுப்பியே ஆக வேண்டும்.

பதில் 2 (மருத்துவர், மதுரை)

முதல் நாளில் அந்த மருத்துவர் ‘இருக்கலாம்’ என்று நிறுத்தியது சரியான செயல். ஆல்கலைன் பாஸ்படேஸ் கல்லீரல் கோளாறிலும், வைட்டமின் டி குறைவால் எலும்பு மென்மையாகும்போதும் கூடும். வயதான ஆணுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்பில் பரவியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பின் புறணி (வெளி அடுக்கு) தடித்து, உள்ளே இழைகள் முரடாகி, எலும்பே பருத்துத் தெரிவதுதான் பேஜெட்டின் அடையாளம். எலும்பை அரிக்கும் செல்கள் அளவுமீறி அரிக்க, கட்டும் செல்கள் அவசரமாக அடைப்பதால், புதிய எலும்பு ஒழுங்கற்றதாகவும் வலுவற்றதாகவும் அமைந்து, நாளடைவில் வில்லாக வளைகிறது.

சோலெட்ரோனிக் ஆசிட்டை 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். அதற்கு முன் கால்சியமும் வைட்டமின் டியும் சரியாக இருக்க வேண்டும். சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழ் இருந்தால் கொடுக்கக் கூடாது. ஒரே டோசில் பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கும். பிரிட்டிஷ் வம்சாவளியினரிடம் மிகுதியாகவும் நம்மிடையே அரிதாகவும் காணப்படுவதால், நான் இதுவரை இருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. யூனிட் ஐந்துதான் போட்டிருந்தேன். இதே நோயாளியின் தொடை எலும்பு பேஜெட் நோயாலேயே முறிந்துவிட்டதாக மருத்துவர் எழுதினால், காய எலும்புமுறிவுக்கான எஸ்72 வரிசையிலிருந்து எடுக்கலாமா?

பதில் 1 (ஆடிட்டர், சென்னை)

கூடாது. நோயால் முறிந்த எலும்புக்கு எம்84.6 வரிசையில் வலது, இடது பக்கத்தையும் எலும்பையும் பார்த்து எடுங்கள். முதல் சிகிச்சைக்கு ஏழாவது எழுத்தாக ‘ஏ’ வரும். அடிப்படை நோய்க்கான எம்88.89ஐயும் கூடவே சேர்த்துவிடுங்கள்.