தவளைக்கும் ஐவிஎஃப்: காசுக்குக் கேடா, கடைசி வழியா?

உறைபனி | இரவு 9.12

பெங்களூரில் ஒரு குழந்தைப்பேறு கிளினிக்கில் 11 வருடமாக எம்ப்ரியாலஜிஸ்ட் வேலை, அதாவது ஆய்வகத்தில் கருவை உண்டாக்கி வளர்ப்பது. நேற்று மழையில் அகரா ஏரிப் பக்கம் வண்டியை ஓரங்கட்டி ஒதுங்கினேன். தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. வீட்டுக்கு வந்து சும்மா தேட ஆரம்பித்தவள், விடியற்காலை வரை தூங்கவில்லை.

போர்ட்டோ ரிக்கோ தீவில் அழிந்துகொண்டிருக்கும் தேரை ஒன்று இருக்கிறது. அங்கே காட்டில் திரிந்த ஆணின் விந்தணுவை உறையவைத்து எடுத்துப்போய், அமெரிக்காவில் ஃபோர்ட் வொர்த் மிருகக்காட்சிசாலையில் இருந்த பெண்ணின் முட்டையோடு சேர்த்து 2019-ல் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஓலாஃப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நாங்கள் தினமும் செய்கிற அதே வேலை!

2023-ல் வந்த கணக்கெடுப்பில் தவளை, தேரை போன்ற இருவாழ்விகளில் 8,011 இனங்களைப் பார்த்ததில் ஐந்தில் இரண்டு அழியும் அபாயத்தில் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு ஐவிஎஃப் போர்டு தொங்குகிற இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளுக்கு நாம் ஏன் இதைச் செய்யக்கூடாது?

கேஜிஎஃப்_ராஜா | 9.20

மழை வரவில்லை என்றால் தவளைக்குக் கல்யாணம் பண்ணி வைத்தோம். இப்போது குழந்தைப்பேறு சிகிச்சையுமா? செலவு பெண் வீட்டாருடையதா, மாப்பிள்ளை வீட்டாருடையதா?

ஏரிக்காவலன் | 9.41

உறைபனி அம்மா, உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் குஞ்சு பொரித்து எங்கே விடுவீர்கள்? பெல்லந்தூரிலா? தண்ணீரே தீப்பிடித்து எரிந்த ஏரி அது.

ரிட்டயர் ஆனதிலிருந்து எங்கள் பக்கத்து ஏரிக்குக் காவல் மாதிரி இருக்கிறேன். சில வருடம் முன்பு அதைச் 'சீரமைத்தார்கள்'. சேற்றுக் கரையை வெட்டி எடுத்துவிட்டுச் சுற்றிலும் கல் பதித்தார்கள், நடைபாதை போட்டார்கள், விளக்கு வைத்தார்கள். பார்க்க அழகு. அடுத்த மழைக்குத் தவளைச் சத்தம் பாதியாகிவிட்டது. ஏறி இறங்கச் சரிவு இல்லை, முட்டையிட ஓரத்தில் புல் இல்லை. அந்தத் தவளைக்கு விந்தணுவில் குறையில்லை அம்மா, வீடு இல்லை.

மெக்சிகோவில் 'ஆக்ஸலாட்டில்' என்று பல்லி மாதிரி உடம்புள்ள ஒரு நீர்வாழ் இருவாழ்வி உண்டு, அதன் கதையைப் பாருங்கள். உலகம் முழுக்க ஆய்வகத்திலும் கண்ணாடித் தொட்டியிலும் கொள்ளை கொள்ளையாக வளர்கிறது. அதன் சொந்த ஊரான சோச்சிமில்கோ கால்வாய்களில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014-ல் வெறும் 36. இனப்பெருக்கம் செய்ய வைப்பது அங்கே ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

உறைபனி | 10.03

ஐயா, ஆக்ஸலாட்டில் உதாரணம் வலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழிடம் அப்படியே இருந்தும் செத்த தவளைகளுக்கு என்ன பதில்? கைட்ரிட் என்று ஒரு தோல் பூஞ்சை. தவளை தோல் வழியாகத்தான் நீரையும் உப்பையும் சமன் செய்கிறது. பூஞ்சை அதைக் கெடுத்து இதயத்தை நிறுத்திவிடுகிறது. 2019-ல் வந்த ஆய்வுப்படி 501 இனங்கள் இதனால் குறைந்தன, அதில் 90 அழிந்தே போயிருக்கலாம். ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே செத்தன. ஒரு மரம்கூட வெட்டவில்லை. கரையை மட்டும் காத்தால் போதுமா?

அப்புறம் ராஜா தம்பிக்கு. நீங்கள் கிண்டலுக்குக் கேட்டீர்கள், ஆனால் உறவு பழையது. 1930-களிலிருந்து சில பத்தாண்டுகள் பெண்களின் கர்ப்பத்தைத் தவளையை வைத்துத்தான் சோதித்தார்கள். பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்க நகத்தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். கர்ப்பமென்றால் மறுநாளைக்குள் தவளை முட்டையிடும். காரணம், கர்ப்பிணியின் சிறுநீரில் இருக்கும் எச்சிஜி ஹார்மோன். கருமுட்டை எடுப்பதற்கு 36 மணி நேரம் முன்னால் எங்கள் பேஷண்ட்களுக்குப் போடுகிற ஊசியும் அதே எச்சிஜிதான். இன்று தவளை ஆய்வகங்களிலும் அதைத்தான் போடுகிறார்கள், அல்லது மூளை ஹார்மோன் ஒன்றின் நகலை.

ஆணுக்கு ஊசி போட்டால் சில மணி நேரத்தில் விந்தணு சிறுநீரோடு வந்துவிடும். சின்ன வயதில் தவளையைக் கையில் பிடித்தவர்களுக்குத் தெரியும், உடனே மூத்திரம் விடும். அதைப் பிடித்துவைத்தால் போதும். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. தவளையை எடுத்த இடத்திலேயே விட்டுவிடலாம்.

கேஜிஎஃப்_ராஜா | 10.09

தவளை தன் வாயால் கெடும் என்றார்கள். தன் மூத்திரத்தால் பிழைக்கும் என்று யாரும் சொல்லவில்லையே.

ஏரிக்காவலன் | 10.15

அதே நகத்தவளையை ஊர் ஊராக ஏற்றுமதி செய்ததில்தான் பூஞ்சையும் பரவியது என்று படித்தேன். வியாதியைக் கொடுத்ததும் நாம், மருந்து விற்பதும் நாமா?

தலைப்பிரட்டை | 10.48

தவளைகள் பற்றி முனைவர் பட்டம் முடிக்க முடியாமல் அலைகிறவன் நான். இரண்டு பேரையும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

ஐயா, நகத்தவளைதான் மூலம் என்பது பழைய கருத்து. 2018-ல் மரபணுவை அலசியவர்கள் பூஞ்சையின் ஊற்று கிழக்கு ஆசியா என்று காட்டினார்கள். உயிருள்ள தவளை வியாபாரம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது என்பது மட்டும் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பூஞ்சை இருக்கிறது, ஆனால் ஆஸ்திரேலியா மாதிரி கூட்டச் சாவை இங்கே யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் உறைபனி அக்காவின் பனாமா வாதம் நம் மலைக்கு அப்படியே பொருந்தாது.

அக்கா, அகராவில் நீங்கள் கேட்டது ஊருக்கு ஊர் கத்துகிற சாதாரணத் தவளைகள். அவற்றுக்கு உங்கள் உதவி தேவையில்லை, ஐயா சொன்ன சேற்றுக் கரை போதும். ஆபத்தில் இருப்பவை வேறு, அவற்றின் குடும்ப வாழ்க்கை ரொம்பச் சிக்கல்.

களக்காடு–முண்டந்துறையில் ஒரு புதர்த்தவளை மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கு இடைப்பட்ட பொந்துக்குள் கீறல் வழியாக நுழைந்து முட்டையிடுகிறது, அப்பன் உள்ளேயே காவல் இருக்கிறான். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை. உத்தர கன்னடத்தில் 2014-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட கும்பாரத் தவளை முட்டைகளின் மேல் கையால் சேறு பூசுகிறது. கும்பார என்றால் கன்னடத்தில் குயவர். 2003-ல் இடுக்கிப் பக்கம் விவரிக்கப்பட்ட ஊதாத் தவளை வருடத்தில் சில நாள் மட்டும் மண்ணைவிட்டு வெளியே வரும். இதில் எதற்கு எந்த ஹார்மோன், எவ்வளவு, எந்த மாதம்? ஒரு இனத்துக்குக் கண்டுபிடித்த அளவு இன்னொன்றுக்கு அப்படியே ஒத்துவராது. சேறு பூச ஆள் இல்லாமல் அந்த முட்டை பிழைக்குமா என்பதே தனி ஆராய்ச்சி.

இன்னொன்று. உங்கள் கிளினிக்கில் கருவையும் முட்டையையும் உறையவைக்கிறீர்கள். தவளையில் அது நடக்கவில்லை. விந்தணு மட்டும்தான்.

உறைபனி | 11.10

ஆமாம் தம்பி, நேற்று இரவு என்னைத் தூங்கவிடாதது அதுதான். மனித முட்டை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தவளை முட்டை ஒரு மில்லிமீட்டர் என்றே வைத்தாலும் கொள்ளளவில் ஆயிரம் மடங்கு, உள்ளே முழுக்கக் கரு உணவு. உறைதடுப்பு மருந்து நடுப்பகுதி வரை போய்ச் சேர்வதற்குள் ஓரம் கெட்டுவிடும். மருந்து போய்ச் சேராத நடுப்பகுதியில் பனிப்படிகம் ஒன்று முளைத்தால் போதும், எல்லாம் போச்சு. சரி, முட்டை விஷயத்தில் தோல்விதான்.

ஆனால் விந்தணுவை வைத்தே நிறையச் செய்யலாம். ஒரு இனத்தின் மரபணு வகைகளில் 90 சதவீதத்தை 100 வருடம் காப்பது மிருகக்காட்சிசாலைகளின் பழைய இலக்கு. உயிருள்ள தவளைகளை மட்டும் வைத்து அதைச் செய்யப் பெரிய கூட்டம் வேண்டும்: தொட்டி, பூச்சித் தீனி, ஆள், இடம். தலைமுறைக்கு ஒருமுறை உறைந்த விந்தணுவைக் கலந்தால் சின்னக் கூட்டமே போதும். செலவைக் குறைக்கத்தான் கேட்கிறேன் ஐயா, கூட்ட அல்ல.

வாழிடம் முதலில், மற்றது அப்புறம் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு தவளை முட்டைகளை விழுங்கி, வயிற்றில் வளர்த்து, வாய் வழியாகக் குட்டிகளை வெளியே விடும். 1980-களில் அழிந்தது. யாரோ ஃப்ரீசரில் போட்டுவைத்த திசுவை வைத்து வேறொரு தவளையின் முட்டையில் கரு உண்டாக்கியதாக 2013-ல் அறிவித்தார்கள். சில நாளில் கரு செத்தது. அந்தத் திசு முறையாக, உயிரணு சாகாதபடி உறையவைக்கப்பட்டிருந்தால்? இன்று நம் மலையில் இருப்பதை எடுத்துவைக்க எத்தனை வருடம் யோசிப்பது?

ஏரிக்காவலன் | 11.26

பூஞ்சைக்கே பதில் சொல்கிறேன். 2024-ல் ஆஸ்திரேலியாவிலேயே செய்தார்கள். ஓட்டை போட்ட செங்கல்லுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, சின்னப் பசுமைக்குடிலுக்குள் வெயிலில் அடுக்கினார்கள். தவளை அந்த ஓட்டையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, உடம்பு சூடேறிப் பூஞ்சை ஓடிவிடுகிறது, பிறகு எதிர்ப்புச் சக்தியும் வருகிறது. செங்கல் அம்மா, செங்கல்!

தான்சானியாவில் கிஹான்சி அருவியின் சாரலில் மட்டும் வாழ்ந்த தேரை. அணை கட்டியதில் சாரல் கிட்டத்தட்ட நின்றுபோனது. 499 தேரைகளைப் பிடித்து நியூயார்க்குக்கு அனுப்பினார்கள், 2009-ல் காட்டில் அழிந்தது என்றே அறிவித்தார்கள். 2012-ல் திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். உறைந்த விந்தணு இல்லை. மிருகக்காட்சிசாலையில் தண்ணீர் தெளித்தார்கள், அங்கே பள்ளத்தாக்கிலும் குழாய் போட்டுத் தெளித்தார்கள்.

விந்தணுவை உறையவைத்து வைக்கிற உங்கள் திரவ நைட்ரஜன் கலனுக்கு வருகிறேன். அதை 50 வருடம் யார் நிரப்புவார்கள்? நம் ஊரில் ஏரி மதகுக்குப் பூட்டு மாட்டினால் அடுத்த அதிகாரி வரும்போது சாவி இருக்காது.

உறைபனி | 11.38

இந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கலனுக்கு மின்சாரம் வேண்டாம், கரண்ட் போனாலும் மைனஸ் 196 டிகிரியில்தான் இருக்கும். ஆனால் ஊற்ற மறந்தால் தீர்ந்தது. எங்கள் கிளினிக்கில் அளவு பார்க்க நோட்டு உண்டு, கையெழுத்து உண்டு, மறந்தால் வேலை போகும். மாதாமாதம் பணம் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள். ஊதாத் தவளைக்கு யார் கட்டுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற அரசு உயிரியல் ஆய்வு மையத்தின் கீழ், அழியும் இனங்களுக்காக லாகோன்ஸ் என்ற ஆய்வகம் இருக்கிறது. புள்ளிமானுக்குச் செயற்கைக் கருவூட்டல் செய்தவர்கள், சருகுமானைப் பெருக்கிக் காட்டில் விடவும் கைகொடுத்தவர்கள். அந்த மாதிரி நிலையான இடத்தில் வைக்கலாம். கிளினிக்கில் அல்ல.

தலைப்பிரட்டை | 11.52

ஐயா, கிஹான்சித் தேரை குட்டி போடுகிற இனம். முட்டையை வெளியே கலக்கிற வழியே அதற்குக் கிடையாது. அதனால் அது அக்காவுக்கு எதிரான சான்று ஆகாது. செங்கல் மட்டும் உங்கள் பக்கம்தான், நானும் ஓட்டுப் போடுகிறேன்.

எனக்கு ஒரு நடைமுறை ஆசை இருக்கிறது. அழியும் இனத்தைத் தொடும் முன்னால், ஊரெல்லாம் கத்துகிற சாதாரணத் தவளையிடம் பழக வேண்டும். உறையவைத்து எடுத்தால் எத்தனை விந்தணு நீந்துகிறது என்று எண்ணிப் பார்க்க ஆள் வேண்டும். எங்கள் கூட்டத்தில் தவளையைக் கண்டுபிடிக்க ஆள் உண்டு, உறையவைக்கத் தெரிந்தவர் யாருமில்லை. வனத்துறையில் அனுமதி எழுதி வாங்க வேண்டும். அதற்கே ஒரு மழைக்காலம் போகும்.

ஏரிக்காவலன் | 11.58

அனுமதிக் கடிதம் நான் எழுதித் தருகிறேன். 30 வருட ஆபீஸ் பழக்கம். ஆனால் முதல் பத்தியில் கரைச் சரிவு பற்றி எழுதுவேன், விந்தணு இரண்டாம் பத்தியில்தான்.

உறைபனி | 12.04

மூன்றாம் பத்தியில் போட்டாலும் சரி ஐயா.

கேஜிஎஃப்_ராஜா | 12.06

நைட்ரஜன் ஊற்ற நான் வருகிறேன். மாதம் எத்தனை லிட்டர்?

உறைபனி | 12.09

கலனைப் பொறுத்தது. முதலில் தவளை மூத்திரம் பிடிக்கப் பழகுங்கள் தம்பி.