அண்ணனுக்கு மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும்: படிவத்தில் என்ன எழுதுவது?

வாலிநோக்கம் தங்கச்சி:

எல்லோருக்கும் வணக்கம். அண்ணனுக்கு 34 வயசு, மனச்சிதைவு நோய். எட்டு வருஷமா வைத்தியம் நடக்குது. முதல்ல ஏர்வாடி தர்காவுல தங்க வச்சிருந்தோம், அப்புறம் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி. இப்பவும் மாத்திரை சாப்பிடுறார். கடலுக்குப் போறது நின்னு போச்சு. சீசன் நேரத்துல மட்டும் கரையில வலை உதறக் கூப்பிட்டா வருவார், பாதியில எழுந்து போயிடுவார்.

யுடிஐடி அட்டைக்கும் (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை) மாச உதவித்தொகைக்கும் எழுதணும். உட்கார்ந்தாலே நெஞ்சு அடைக்குது. ஊனத்தின் வகைன்னு ஒரு நீளப் பட்டியல் வருது, அதுல எதைத் தொடுறது? தானே குளிப்பாரா, தானே சாப்பிடுவாரான்னு கேட்பாங்களாம். "அதையெல்லாம் எழுதி அவனைக் கேவலப்படுத்தாதே"ன்னு அம்மா அழுறாங்க. தொழில்ல மீனவர்னு போடலாமா? மீனவர் நலவாரிய அட்டை அப்படித்தான் இருக்கு. பழைய சீட்டுகள் பாதிதான் கையில இருக்கு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

இசேவை மண்டபம்:

தங்கச்சி, பாதி நெஞ்சடைப்பு எல்லாத்தையும் ஒரே படிவமா நினைக்கிறதால வருது. இது ரெண்டு தனி வேலை. முதல் வேலை சான்றும் யுடிஐடி அட்டையும். அது மருத்துவர் கையில் இருக்கு. அது முடிஞ்ச பிறகுதான் உதவித்தொகை. சான்று இல்லாம ரெண்டாவதைத் தொடவே வேண்டாம், திருப்பி அனுப்பிடுவாங்க.

யுடிஐடிக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளம். ஆதார், போட்டோ, கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, முகவரிச் சான்று, பழைய மருத்துவச் சீட்டுகள் வேணும். ஸ்கேன் பண்ணும்போது ஒவ்வொரு கோப்புக்கும் அளவு வரம்பு உண்டு, பதிவேற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட்டிருக்கும். செல்போன்ல எடுத்த படத்தை அப்படியே ஏத்தினா பெரும்பாலும் ஏறாது, சுருக்கித்தான் போடணும். போன் நம்பர் உங்க நம்பரா, எப்பவும் கையில இருக்குற நம்பரா இருக்கட்டும். ஓடிபி, ஆஸ்பத்திரி தேதி எல்லாம் அதுக்குத்தான் வரும். முடிச்சதும் வர்ற பதிவு எண்ணை ஒரு தாள்ல எழுதி ரேஷன் கார்டு கூடவே வச்சிடுங்க.

வகையில "மனநோய்"ங்கிறதைத் தேர்வு பண்ணுங்க. "அறிவுசார் குறைபாடு"ன்னு ஒண்ணு அதே பட்டியல்ல வரும், அதைத் தொட்டுடாதீங்க. அது பிறவியிலோ சின்ன வயசிலோ வர்ற வளர்ச்சிக் குறைபாடு. அதைப் போட்டா நுண்ணறிவுச் சோதனைக்கு அனுப்புவாங்க, அண்ணனுக்கு அது பொருந்தாது, மறுபடி முதல்ல இருந்து வரணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு, ரெண்டும் தனித்தனி.

இன்னொண்ணு பெயர். நம்ம கரையில அந்தோணிங்கிற பேரை ஆங்கிலத்துல ஒரு அட்டையில எச் போட்டும் இன்னொண்ணுல எச் இல்லாமலும் எழுதியிருப்பாங்க. இனிஷியல் ஒண்ணுல முன்னால, ஒண்ணுல பின்னால. ஆதார்ல எப்படி இருக்கோ அதே மாதிரிதான் எல்லா இடத்திலேயும் இருக்கணும். வங்கிப் புத்தகம் வேற மாதிரி இருந்தா முதல்ல வங்கியில போய்த் திருத்துங்க. யுடிஐடி வந்த பிறகு பெயரைத் திருத்துறது தனித் தலைவலி.

2024-ல விதி மாறியிருக்கு. விண்ணப்பம் கொடுத்த மூணு மாசத்துக்குள்ள சான்று கொடுக்கணும். ரெண்டு வருஷத்துக்கு மேல முடிவாகாம கிடந்தா விண்ணப்பம் செயலிழந்திடும், புதுசாப் போடணும். அதனால போட்டுட்டு மறந்திடாதீங்க. அட்டையிலேயும் நிறக்கோடு வருது. 40 சதவீதத்துக்குக் கீழ வெள்ளை, 40 முதல் 80-க்குள்ள மஞ்சள், 80-ம் அதுக்கு மேலயும் நீலம்.

மனநலச் சமூகப்பணி:

அந்தக் "குளிப்பாரா" கேள்விக்கு வருகிறேன். உங்களைத் தூங்க விடாமல் செய்வது அதுதான் என்று தெரிகிறது.

மனநோய்க்கு சதவீதம் போட மருத்துவர்கள் ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்துப் பார்ப்பார்கள். நான்கு பகுதிகள்: தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கூட்டியபின் நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்பதற்குத் தனி மதிப்பெண்: 2 வருடத்துக்குக் கீழ் 1, 2 முதல் 5 வரை 2, 6 முதல் 10 வரை 3, பத்துக்கு மேல் 4. மொத்தம் 7 வந்தால்தான் 40 சதவீத எல்லை. 7 முதல் 13 வரை 40–70 சதவீதம், 14 முதல் 19 வரை 71–99, 20 என்றால் 100.

இப்போது உங்கள் பழைய சீட்டின் மதிப்பைப் பாருங்கள். நான்கு பகுதியிலும் சேர்த்து அண்ணனுக்கு 5 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு வருட நோய்க்கு ஆதாரம் காட்டினால் 3 கூடி 8, மஞ்சள் அட்டை. கடைசி ஒரு வருடச் சீட்டு மட்டுமே கையில் இருந்தால் 1 தான் கூடும், 6, நாற்பதுக்குக் கீழே போய்விடும். ஆள் அதே ஆள், நோயும் அதே நோய். ஆகவே ஏர்வாடி காலத்துக் காகிதம் ஒன்றாவது தேடி எடுங்கள். தர்காவில் தவா துவா (பிரார்த்தனையோடு மருத்துவமும்) திட்ட மருத்துவரிடம் காட்டியிருந்தால் அந்தச் சீட்டு, அதுவும் இல்லையென்றால் மாவட்ட மனநலத் திட்டத்தின் பழைய புறநோயாளி எண். எண் கிடைத்தால் பதிவேட்டில் பார்த்துத் தேதியை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

அம்மாவின் வருத்தம் புரிகிறது. ஆனால் "எல்லாம் செய்வான், கொஞ்சம் சோம்பேறி" என்று அம்மா சொன்னால் தாளில் 0 விழும். மருத்துவர் கேட்பது அந்த ஒரு நாள் நிலையை அல்ல, கிட்டத்தட்ட கடந்த இரண்டு வருட நிலையை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பார்த்தால் நன்றாகத் தெரியும் நாட்கள் இருக்கும், அதை மட்டும் சொல்லாதீர்கள். மூன்று வாரம் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். "குளிப்பார்" என்று எழுதாமல் "மூன்று முறை சொன்னபிறகு குளித்தார், சோப்புப் போடவில்லை, ஈரக் கைலியோடு மாலை வரை உட்கார்ந்திருந்தார்" என்று எழுதுங்கள். "சாப்பிடுவார்" என்பதை "தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவார், தானாகப் பசி என்று கேட்பதில்லை" என்று. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துத் துப்புகிறாரா, யார் எண்ணிக் கொடுக்கிறார்கள், அதையும். அம்மா அழும் இடத்தில் உட்கார்ந்து எழுத வேண்டாம். அண்ணன் முன்னால் சத்தமாகப் படிக்கவும் வேண்டாம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள், கேள்வி அவரைத்தானே கேட்பார்கள்.

தொழில் பற்றி. "மீனவர்" என்று மட்டும் போட்டால் வேலைப் பகுதியில் மருத்துவர் "இன்னும் தொழில் செய்கிறார்" என்று எடுக்க இடமுண்டு. "முன்பு மீன்பிடித் தொழில், இத்தனாம் ஆண்டு முதல் கடலுக்குச் செல்லவில்லை, எப்போதாவது வலை வேலை, முழு நாள் நிற்க இயலாது" என்று எழுதுங்கள். அதுதான் உண்மையும்கூட. நலவாரிய அட்டை மீனவர் என்று சொல்வதோடு அது முரண்படவில்லை.

கீழக்கரை காக்கா:

அந்தத் தங்கச்சிக்கு வங்கி விஷயம் யாரும் சொல்லல. பணம் கடைசியில அங்கதான் வந்து நிக்கும்.

கணக்கு அண்ணன் பேர்லதான் இருக்கணும். ரெண்டு வருஷம் போடாம எடுக்காம கிடந்த கணக்குன்னா செயல்படாத கணக்கா மாத்தியிருப்பாங்க. கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) கொடுத்து ஓட வைங்க, நூறு ரூபா போட்டு எடுங்க. ஆதார் இணைப்பு வேற, அரசுப் பணம் வர்றதுக்கான ஆதார் இணைப்பு வேற. "நேரடி மானியத்துக்கு என் ஆதார் எந்த வங்கியில இருக்கு"ன்னு கேளுங்க. கடைசியா எந்த வங்கியில சேர்த்தாங்களோ அங்கதான் பணம் போகும். எங்கேயோ கேம்ப்ல திறந்த கணக்குக்குப் போயிட்டு, "பணம் வரல"ன்னு தாலுகா ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்க இந்தக் கரையில ஏராளம்.

கயிறு இழுத்து, உப்புத்தண்ணியில ஊறின கை, ரேகை மழுங்கியிருக்கும். மெஷின்ல விரல் விழலேன்னா கருவிழிப் பதிவு கேளுங்க, இல்லேன்னா ஆதார்ல போன் நம்பர் சேர்த்து ஓடிபி வழி. ஆதார் மையத்துல விரலையும் கண்ணையும் புதுப்பிச்சுட்டே இதுல இறங்குறது நல்லது.

கார்டியன் பேர்ல கணக்கு வேணும்னு சிலர் அலைய விடுவாங்க. தேசிய அறக்கட்டளைச் சட்டத்துல (1999) உள்ளூர்க் குழு பாதுகாவலர் நியமிக்கிறது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இதுகளுக்குத்தான். மனநோய் அதுல வராது. அண்ணன் கையெழுத்துப் போடுவார்னா அவர் பேர்லயே ஓடட்டும், வேணும்னா உங்களையும் சேர்த்து யாராவது ஒருத்தர் எடுக்கலாம்ங்கிற கூட்டுக்கணக்கு போதும்.

வாலிநோக்கம் தங்கச்சி:

அண்ணே, அக்கா, காக்கா எல்லோருக்கும் நன்றி. வகையைத் தப்பாத்தான் தொட இருந்தேன். ஒரு சந்தேகம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ரெண்டு நாள் முன்னாலிருந்து மாத்திரையை நிறுத்தினாத்தான் நோய் தெரியும், இல்லேன்னா சதவீதம் குறைச்சிடுவாங்கன்னு இங்க ஒருத்தர் சொல்றார். நிஜமா?

மனநலச் சமூகப்பணி:

வேண்டவே வேண்டாம். சதவீதம் அன்றைய நிலைக்குப் போடப்படுவதில்லை என்று மேலே சொன்னேன். மாத்திரை சாப்பிட்டும் இந்த அளவுக்குத்தான் முடிகிறது என்பதுதான் உங்கள் பக்கத்தின் வலுவான ஆதாரம். நிறுத்தினால் நோய் திரும்பும், அன்று கூட்டத்தில் அவர் கலவரப்பட்டு எழுந்து ஓடினால் மதிப்பீடே நடக்காது. நிறுத்தச் சொல்பவரே வந்து அடுத்த மாதம் அண்ணனைப் பார்த்துக்கொள்வாரா?

காலை மாத்திரை வழக்கம்போல. தூக்கம் வரும் மருந்தாக இருந்தால் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். மனநலப் பிரிவில் எந்தக் கிழமை சான்று பார்க்கிறார்கள் என்று முதல் நாளே விசாரியுங்கள். கடலாடிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்து வேறு கிழமை என்று திரும்புவதுதான் பெரிய அலுப்பு. சாப்பாடு, தண்ணீர், கூட இன்னொரு ஆள். நீங்கள் வரிசையில் நிற்கும்போது அவரை வெளியில் மரத்தடியில் உட்கார வைக்க ஆள் வேண்டும். கூட வருபவர் அன்றாடம் அவரோடு இருப்பவராக இருக்கட்டும். மருத்துவர் பாதிக் கேள்வியை அவரிடம்தான் கேட்பார். உங்கள் நோட்டைக் கையில் கொடுங்கள், மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம்.

சான்றில் "தற்காலிகம்" என்று போட்டால் பயப்படாதீர்கள், ஆனால் முடியும் தேதியை நாட்காட்டியில் குறியுங்கள். மூன்று மாதம் முன்னால் புதுப்பிக்கத் தொடங்குங்கள். தேதி தாண்டினால் உதவித்தொகை நிற்கிற ஆபத்து உண்டு.

இசேவை மண்டபம்:

உதவித்தொகைப் பக்கத்தை நான் முடிச்சிடுறேன்.

ரெண்டு துறை இருக்கு, ரெண்டுலயும் சேர்த்து ஒருத்தருக்கு ஒண்ணுதான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையோட பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய், அது 75 சதவீதத்துக்கு மேல கடுமையா பாதிக்கப்பட்டவங்களுக்கும் வேற சில தனிப் பிரிவுகளுக்கும். வருவாய்த்துறை ஓய்வூதியம் 1,500, 2023 ஜனவரியில 1,000-லிருந்து கூட்டினது. அண்ணனுக்கு 40–70 வந்தா வருவாய்த்துறைதான் வழி. 18 வயசு தாண்டியிருக்கணும், ஆதரவற்ற நிலைன்னு விசாரணையில தெரியணும்.

இ-சேவையில முதல்ல குடிமக்கள் கணக்கு எண் எடுத்து, அப்புறம் விண்ணப்பம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், சான்று, போட்டோ. அங்கிருந்து விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்னு வரிசையாப் போகும். விசாரணைக்கு வீட்டுக்கு வருவாங்க. அப்ப அண்ணன் கரையில வலை உதறிக்கிட்டு இருந்தா பக்கத்து வீட்டார் "தொழிலுக்குப் போறாரே"ன்னு சொல்லிடுவாங்க, அதுலயே அடிபடும். தொழில் பத்தி அக்கா எழுதச் சொன்னதையே விஏஓகிட்டயும் சொல்லுங்க, சான்று நகலைக் காட்டுங்க. அண்ணன் பேர்ல நாட்டுப்படகோ பைபர் படகோ பதிவு இருந்தா மறைக்காதீங்க. மீன்வளத்துறைப் பதிவு இருக்கு, தெரியத்தான் செய்யும். ஓட்டுறது யாரு, வருமானம் யாருக்குன்னு முன்னாலேயே சொல்லிடணும். தடைக்கால நிவாரணத்தை (இப்ப 8,000) வருமானம்னு யாராவது இழுத்தா, அது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் கடலுக்குப் போக முடியாத மீனவக் குடும்பத்துக்குக் கொடுக்கிறதுன்னு சொல்லுங்க.

தள்ளுபடி ஆனா வாயால சொல்றதை ஏத்துக்காதீங்க, காரணம் எழுத்துல வேணும். கொடுக்கலேன்னா பத்து ரூபா கட்டணத்தோட தகவல் உரிமை மனு, 30 நாள்ல பதில் வரணும். அந்தக் காரணத்தை வச்சுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து ரசீது வாங்குங்க. சதவீதமே குறைச்சுப் போட்டுட்டாங்கன்னா அது வேற விஷயம். 2016 சட்டம் 59-ஆம் பிரிவுல மருத்துவச் சான்றுக்கு எதிரா மேல்முறையீடு இருக்கு, வருவாய்த்துறையில போய்ச் சண்டை போட்டுப் பலன் இல்லை.

முதல் வேலையா நாளைக்கே ஆதாரையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்துப் பார்த்திடுங்க தங்கச்சி. சரியா இருந்தா ஸ்கேன் பண்ண வேண்டியதை எடுத்துட்டு வாங்க.