எதிர்ப்பொருள்: பன்மையா, பன்மயமா, வகைவளமா?

காரைக்குடி, மருத்துவர்:
அன்பர்களே, இரத்தப் புற்றுநோயாளிகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். பி செல்கள் என்னும் வெள்ளணுக்களில் வி, டி, ஜே என்னும் மரபணுத் துண்டுகள் கலைந்து சேர்வதால்தான் உடம்பில் கோடிக்கணக்கான வகை ஆன்டிபாடிகள் (நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதங்கள், அதாவது எதிர்ப்பொருள்கள்) உருவாக முடிகிறது. ஜப்பானிய அறிவியலாளர் டொனெகாவாவுக்கு 1987-இல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான். பி செல்லின் மேற்பரப்பிலுள்ள சிடி19 என்னும் புரதத்தைக் குறிவைக்கும் கார்-டி சிகிச்சையில் (நோயாளியின் டி செல்லையே மாற்றியமைத்துப் புற்றை அழிக்க அனுப்புவது) புற்றுசெல்லோடு நல்ல பி செல்லும் அழிகிறது. அப்புறம் எத்தனை வகை மீள்கிறது, அது நோயின் போக்கோடு எப்படிப் பொருந்துகிறது என்றுதான் பார்க்கிறோம். இந்த 'எத்தனை வகை'க்கு 'எதிர்ப்பொருள் பன்மை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

தேவகோட்டை, தமிழாசிரியர்:
டாக்டர், 'எதிர்ப்பொருள் பன்மை எழுதுக' என்றால் என் வகுப்புப் பிள்ளை 'எதிர்ப்பொருள்கள்' என்று விடை எழுதிவிட்டுப் போய்விடும்! பல்லுயிர் பற்றி எழுதுகிறவர்கள் 'பன்மயம்' என்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாமே.

கோட்டையூர்:
மயம் வடசொல். வேண்டாம். 'வகைவளம்' என்க. வகு, வகிர், வகை, வகுப்பு எல்லாம் ஒரே வேர். பிளந்து பிரிப்பது என்ற பொருள் உள்ளேயே கிடக்கிறது. மரபணுத் துண்டுக்கும் ஒத்துப்போகும். 'கார்-டி' என்பதையும் விடக்கூடாது. கார் என்றால் நமக்குக் கருமை, மேகம், கார்நெல். நோயாளி எதை நினைப்பார்? நம் ஊர்ப் பெயரின் 'காரை'கூட அந்தக் கருமையிலிருந்து வந்தது என்பது என் துணிபு.

புதுவயல், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன்:
ஐயா, காரைக்குடி காரைச் செடியால் வந்த பெயர் என்றுதான் எங்க அப்பச்சி சொல்வார். கருமைக்கும் அதற்கும் என்ன? சுவரில் பூசும் சுண்ணாம்புக் காரையும் கறுப்பா?

யாழ்ப்பாணம்:
ஆன்டிபாடிக்கு எங்கட பக்கம் 'பிறபொருளெதிரி' எண்டுதான் எழுதுறது. பிறபொருளுக்கு எதிரி, சொல்லே விளக்கம். 'எதிர்ப்பொருள்' எண்டால் எதிர்ச்சொல்லின்ர பொருள் போலக் கேக்குது.

காரைக்குடி, மருத்துவர்:
'வளம்' என்பதில் எனக்குத் தயக்கம். மைலோமா என்னும் இரத்தப் புற்றில் ஒரே குலத்துச் செல் பெருகி ஒரே ஆன்டிபாடியைக் கொட்டும். மொத்த அளவு எக்கச்சக்கம், ஆனால் வகை சுருங்கிப்போகும். மற்ற ஆன்டிபாடிகள் குறைந்து தொற்றுகள் வரும். 'வளம்' என்று படித்தால் நோயாளி ஐஜிஜி என்னும் ஆன்டிபாடியின் மொத்த அளவைத்தான் நினைப்பார்.

புதுவயல்:
புரிகிறது. பேரேட்டில் வரவு லட்சக்கணக்கில் இருக்கும், எல்லாம் ஒரே ஆள் பேரில் இருக்கும். அவர் படுத்தால் கடையும் படுத்தது. அப்படியானால் 'வகைப்பன்மை' என்று வைத்தால் என்ன?

தேவகோட்டை, தமிழாசிரியர்:
வகை என்று முன்னால் வந்துவிட்டதால் பிள்ளைகளும் குழம்பமாட்டார்கள். ஒற்று மிகும், அதை விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, நோயின் போக்கை 'முன்கணிப்பு' என்று போடாதீர்கள், சாதகக்காரர் வாசனை அடிக்கிறது. வள்ளுவரே 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்று மூன்றாகப் பிரித்துவிட்டார். 'பிணியளவு' நல்ல சொல்.

காரைக்குடி, மருத்துவர்:
பிணியளவு என்பது இப்போது எவ்வளவு என்பது. எனக்கு வேண்டியது இனி எப்படிப் போகும் என்பது. சிஎல்எல் என்னும் நாள்பட்ட இரத்தப் புற்றில் ஆன்டிபாடி மரபணு திரிபடைந்திருந்தால் நோய் பொதுவாக மெதுவாகப் போகும், திரிபு இல்லாவிட்டால் விரைவு. முதல் நாளிலேயே பார்த்துச் சொல்லக்கூடிய செய்தி இது. 'நோய்ப்போக்கு' போதும்.

பள்ளத்தூர், செவிலியர்:
குறுக்கிடுகிறேன், மன்னியுங்கள். கொரோனாவுக்குப் பிறகு வார்டில் எல்லா ஆச்சிகளும் 'ஆன்டிபாடி' என்றுதான் சொல்கிறார்கள். எதிர்ப்பொருள் என்றால் 'யாருக்கு எதிர்ப்பு?' என்று கேட்கிறார்கள். கார்-டி முடிந்தவர் மாதாமாதம் இம்யுனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடி) ஏற்றிக்கொள்ள வரும்போது, உங்களுக்கு வகை குறைந்திருக்கிறது, காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் வாருங்கள் என்று நான் சொல்வது அவருக்குப் புரியவேண்டும். அவ்வளவுதான்.

கோட்டையூர்:
புரியவேண்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தால் கடைசியில் வேற்றுமை உருபு மட்டும்தான் தமிழில் மிஞ்சும்.

காரைக்குடி, மருத்துவர்:
நாலு பேர் 'வகைப்பன்மை'க்குச் சரி என்று தனிமடலில் எழுதிவிட்டார்கள். கையேட்டில் 'ஆன்டிபாடி வகைப்பன்மை' என்று போகிறது; முதல் பக்கத்தில் மட்டும் 'எதிர்ப்பொருள்' என்று சேர்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்து அன்பர் பொறுத்தருள்க.

கோட்டையூர்:
வகை என்றாலே பலவற்றின் பிரிவு. அதன் மேல் பன்மை எதற்கு? மிகைபடக் கூறல். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். காரை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.